மணிக்கொடியும் முரசொலியும்: காவிரி வடிநில இதழ் எழுத்தாளர்களின் பின்புலமும் ஈடுபாடும்

ஆய்வுச் சுருக்கம்

1933-இல் சென்னையில் தொடங்கிய மணிக்கொடியும், 1942-இல் திருவாரூரில் தொடங்கிய முரசொலியும் பழைய தஞ்சை மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்புடைய இரண்டு இதழ்கள். முன்னது தற்கால இலக்கிய வரலாற்றிலும் பின்னது திராவிட இயக்க இதழியல் வரலாற்றிலும் தனித்தனியே பேசப்படுகின்றன. இவ்விரு இதழ்களில் எழுதியோரின் பிறப்பிடம், கல்வி, பிழைப்பு, எழுத்துக்கு வெளியிலான ஈடுபாடு ஆகியவற்றை ஒருசேர நோக்கும் இக்கட்டுரை, 'தஞ்சை மண்' என்ற விளக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாமற் போகிறது என்பதை ஆராய்கிறது. ஓர் இதழுக்குள் யார் நுழைய முடிந்தது என்பதைத் தீர்மானித்தவை கல்வியும் இயக்கமுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மணிக்கொடி, முரசொலி, திருவாரூர், தஞ்சை எழுத்தாளர்கள், இதழியல் வரலாறு, எழுத்தாளர் பின்புலம்.

முன்னுரை

தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் 'தஞ்சை எழுத்தாளர்கள்' என்ற தொடரை இயல்பாகக் கையாள்கின்றனர். கும்பகோணத்தில் பிறந்த கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, எம்.வி. வெங்கட்ராம், செம்மங்குடியில் பிறந்த மௌனி, வலங்கைமானில் பிறந்த க.நா. சுப்ரமண்யம், மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் என்று பட்டியல் நீள்கிறது. காவிரியும் கோயிலும் இசையும் கலந்த நிலமே இவர்களை எழுத்தாளர்களாக்கியது என்ற விளக்கம் இப்பட்டியலைத் தொடர்ந்து வருவது வழக்கம்.

இவ்விளக்கத்தில் ஒரு குறை உண்டு. அதே காவிரியையும் அதே கோயில்களையும் அதே இசையையும் கண்டு வளர்ந்த மற்றொரு தலைமுறை, பத்தாண்டு இடைவெளியில், திருவாரூரில் முற்றிலும் வேறான ஓர் இதழை நடத்தியது. நிலமே எழுத்தை உருவாக்கியது என்றால் ஒரே நிலம் இருவேறு எழுத்துலகங்களை உருவாக்கியது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண, இதழின் கொள்கை அறிக்கைகளைக் காட்டிலும் அதில் எழுதியோரின் வாழ்க்கைக் குறிப்புகள் மிகுதியும் உதவுகின்றன.

இக்கட்டுரையில் 'திருவாரூர்ப் பகுதி' என்பது இன்றைய திருவாரூர் மாவட்டத்தைக் குறிக்கும். ஆய்வுக்குரிய காலத்தில் அது தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாயிற்று. 1997-இல் திருவாரூர் மாவட்டம் உருவானது. இன்றைய எல்லைகளைக் கொண்டு அன்றைய எழுத்தாளர்களைப் பிரிப்பது பொருந்தாது என்பதால் பழைய மாவட்டத்தின் பரப்பே இங்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது.

மணிக்கொடி: மூன்று ஊர்களிலிருந்து ஓர் இதழ்

மணிக்கொடியின் முதல் இதழ் 1933 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவர் அதன் நிறுவனர்கள். 'ஸ்டாலின்' சீனிவாசன் எனப்பட்ட முன்னவர் ஆங்கில இதழியலில் தேர்ந்தவர். வ.ரா. தஞ்சை மாவட்டத்துத் திங்களூரில் பிறந்தவர். புதுச்சேரியில் அரவிந்தரோடும் பாரதியோடும் பழகியவர். தம் குலத்தின் ஆசாரங்களைத் துறந்த சீர்திருத்தவாதி. சொக்கலிங்கம் தென்காசிக்காரர், விடுதலை இயக்கத்தின் வழியே இதழியலுக்கு வந்தவர். ஆகவே நிறுவனர்களைக் கொண்டு பார்த்தால் மணிக்கொடி தஞ்சை இதழ் அன்று. அரசியல் விமரிசனத்தை முதன்மையாகக் கொண்ட, பல வட்டாரத்தார் கூடி நடத்திய சென்னை வார இதழ் அது.

நிறுவனர் மூவரும் நெடுங்காலம் ஒன்றாக இருக்கவில்லை. 1934-இல் தினமணி தொடங்கியபோது சொக்கலிங்கம் அதன் ஆசிரியரானார். வ.ரா. கொழும்பு வீரகேசரிக்கும் சீனிவாசன் பம்பாய் ஆங்கில இதழியலுக்கும் சென்றனர். வார இதழ் நின்றது. 1935 மார்ச்சில் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே மாதமிருமுறை இதழாக அது மீண்டும் வந்தது. இலக்கிய வரலாறு 'மணிக்கொடி' என்று குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தையே. ராமையாவும் தஞ்சைக்காரர் அல்லர். வத்தலக்குண்டில் பிறந்து, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று திரும்பியவர். அதே வத்தலக்குண்டைச் சேர்ந்த சி.சு. செல்லப்பாவும், திருநெல்வேலியைச் சேர்ந்த புதுமைப்பித்தனும் இவ்விதழின் முதன்மையான எழுத்தாளர்கள்.

தஞ்சை எழுத்தாளர்கள் மணிக்கொடிக்குள் வந்தது இந்தப் பல்வட்டாரக் கூட்டத்தின் ஒரு பகுதியாகவே. பிற்காலத்தில் அவர்களது எழுத்தின் செல்வாக்கு மிகுந்ததால் இதழே தஞ்சையின் விளைச்சல் என்பது போன்ற தோற்றம் ஏற்பட்டது.

தொழில்களும் ஈடுபாடுகளும்

மணிக்கொடியில் எழுதிய வடிநில எழுத்தாளர்களை அவர்களது பிழைப்பைக் கொண்டு நோக்கினால் ஒருமை இன்மையே முதலில் புலப்படுகிறது.

ந. பிச்சமூர்த்தி (1900–1976) வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். பின்னர் அறநிலையத் துறையில் கோயில் நிருவாக அலுவலராகப் பணியாற்றினார். 1938-இல் வெளிவந்த 'ஸ்ரீ ராமானுஜர்' திரைப்படத்தில் நடித்தும் இருக்கிறார். 1934-இல் மணிக்கொடியில் வெளிவந்த அவருடைய 'காதல்' தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அவருடைய நண்பரான கு.ப. ராஜகோபாலன் (1902–1944) வருவாய்த் துறை ஊழியர். மதுரைப் பக்கம் மேலூரில் பணியாற்றியபோது கண்பார்வை மங்கியதால் வேலையை விட்டுக் கும்பகோணம் திரும்பினார். எழுத்தே பிழைப்பு என்ற நிலை அவருக்கு விருப்பத்தால் வந்தது அன்று. உடல்நலக் குறைவால் நேர்ந்தது. சிட்டியுடன் சேர்ந்து பாரதி குறித்து 'கண்ணன் என் கவி' என்ற நூலை எழுதினார். வாழ்வின் இறுதியில் துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' இதழின் பொறுப்பை ஏற்றார். நாற்பத்திரண்டாம் வயதில் வறுமையிலேயே மறைந்தார்.

மௌனி (1907–1985) கணிதப் பட்டதாரி. இசையிலும் தத்துவத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். பட்டம் பெற்றும் வேலைக்குச் செல்லாதவர். பின்னாளில் சிதம்பரத்தில் குடியேறிக் குடும்பத் தொழிலைக் கவனித்தார். ஏறத்தாழ இருபத்து நான்கு கதைகளே எழுதினார். 1936-இல் அவருடைய கதைகளை முதலில் வெளியிட்டது மணிக்கொடி. 'மௌனி' என்ற பெயரை அளித்தவர் ராமையா. எழுதியே ஆகவேண்டிய பொருளாதார நெருக்கடி இல்லாத ஒருவர் இவ்வளவு குறைவாக எழுதியதையும், கு.ப.ரா. இடைவிடாது எழுதியதையும் அருகருகே வைத்து நோக்கினால் பிழைப்புக்கும் எழுத்தின் அளவுக்கும் உள்ள உறவு தெளிவாகும்.

க.நா. சுப்ரமண்யம் (1912–1988) வலங்கைமானில் பிறந்தவர். ஆங்கிலத்தில் எழுதிப் பெயர்பெற வேண்டும் என்ற வேட்கையோடு தொடங்கியவரைத் தமிழுக்குத் திருப்பியவற்றுள் மணிக்கொடி வாசிப்பு முதன்மையானது. 1939-இல் 'சூறாவளி' என்ற இதழைத் தாமே தொடங்கினார். நார்வே, சுவீடன் நாட்டு நாவல்களைத் தமிழாக்கம் செய்தார். மணிக்கொடி அவருக்கு எழுதும் களமாக இருந்ததைவிடத் தமிழில் எழுதலாம் என்ற நம்பிக்கையைத் தந்த சான்றாக இருந்தது எனலாம்.

எம்.வி. வெங்கட்ராம் (1920–2000) கும்பகோணத்துச் சௌராட்டிரர். பட்டு, சரிகை வணிகக் குடும்பம். பதினாறாம் வயதில் அவருடைய முதல் கதையை மணிக்கொடி வெளியிட்டது. பிற்காலத்தில் நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' என்ற நாவலாக்கினார். 1948-இல் 'தேனீ' என்ற இதழை நடத்திப் பொருள் இழந்தார்.

வழக்கறிஞர், வருவாய்த் துறை ஊழியர், வேலையை நாடாத கணிதப் பட்டதாரி, ஆங்கில எழுத்தை விழைந்த இளைஞர், சரிகை வணிகர் வீட்டுப் பிள்ளை ஆகிய ஐவரையும் ஒரே இலக்கியக் கொள்கை இணைத்தது என்பதற்குச் சான்று இல்லை. கு.ப.ரா.வின் கதையும் மௌனியின் கதையும் மொழியாலும் நோக்காலும் வேறுபட்டவை. இவர்களை இணைத்தது, வடிவச் சோதனைக்கு இடம்கொடுத்த ஓர் ஆசிரியரின் மேசை. ராமையா தமக்கு உடன்பாடான ஒரே வகைக் கதையைக் கேட்டிருந்தால் மௌனி அச்சேறியிருக்க மாட்டார்.

இந்த வேறுபாடுகளுக்கு அடியில் ஒரு பொதுமையும் உண்டு. இவர்கள் அனைவரும் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். மேலை நாட்டுச் சிறுகதைகளை ஆங்கிலத்தின் வழியே படித்தவர்கள். புதுமைப்பித்தன், வெங்கட்ராம் போன்றோர் நீங்கலாகப் பெரும்பாலோர் பிராமணக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1854-இல் நிறுவப்பட்ட கும்பகோணம் அரசுக் கல்லூரி போன்ற நிறுவனங்களால் அன்று பயன்பெற்ற சமூகங்களின் எல்லையே இவ்விதழின் எழுத்தாளர் வட்டத்துக்கும் எல்லையாக இருந்தது.

திருவாரூரிலிருந்து மற்றோர் இதழ்

மணிக்கொடி நின்ற சில ஆண்டுகளுக்குள் திருவாரூரில் ஒரு பள்ளி மாணவர் கையெழுத்து இதழ் ஒன்றை நடத்தினார். திருக்குவளையில் 1924-இல் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காகத் திருவாரூர் வந்த மு. கருணாநிதியே அவர். 'மாணவ நேசன்' என்பது அக்கையெழுத்து இதழின் பெயர். 1938-இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும், பட்டுக்கோட்டை அழகிரியின் மேடைப் பேச்சும் அவரைப் பொதுவாழ்வுக்கு ஈர்த்தன. 1942-இல் அவருடைய 'இளமைப் பலி' என்ற கட்டுரை அண்ணாவின் 'திராவிட நாடு' இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய இரண்டாம் நாள், 'முரசொலி' துண்டறிக்கை வடிவில் வெளிவந்தது. 'சேரன்' என்ற புனைபெயரில் அவர் அதில் எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் முரசொலி இடையில் நின்றது. கருணாநிதி ஈரோட்டில் பெரியாரின் 'குடி அரசு' இதழில் துணையாசிரியராகப் பணிபுரிந்தார். கோவையில் திரைப்படத்துக்கு உரையாடல் எழுதினார். 1948-இல் முரசொலி திருவாரூரிலிருந்து வார இதழாக மீண்டும் வந்தது. திருவாரூரில் அதை அச்சிட்டு உதவியவர் கருணை ஜமால். 1954-இல் இதழ் சென்னைக்கு இடம்பெயர்ந்தது, 1960-இல் நாளிதழாயிற்று.

முரசொலியைச் சூழ்ந்தவர்களின் பின்புலம் மணிக்கொடியினரின் பின்புலத்தோடு ஒப்பிடத்தக்கது. இங்குக் கல்லூரிப் பட்டம் நுழைவுரிமை ஆகவில்லை. கருணாநிதியே பள்ளி இறுதித் தேர்வைக் கடக்காதவர். நூலகம், மேடை, நாடகக் கொட்டகை, மாணவர் மன்றம் ஆகியவை அவருக்குக் கல்லூரியாக அமைந்தன. இசைமரபில் வந்த குடும்பம் அவருடையது. எனினும் கோயிலிலும் கச்சேரியிலும் நிலவிய சாதிப் படிநிலையை வெறுத்தே அவர் இசைப் பயிற்சியிலிருந்து விலகினார். மௌனிக்கு ஆழ்ந்த அகத்தனிமையின் வாயிலாக அமைந்த அதே வடிநில இசைமரபு, கருணாநிதிக்குச் சமூக இழிவை உணர்த்திய பள்ளியாக அமைந்தது. ஒரே மண், ஒரே கலை. நின்ற இடம் வேறு.

வாயில்களின் அகலம்

இரு இதழ்களையும் நுழைவு என்ற அளவுகோலால் நோக்கினால் ஓர் எதிரிணை தெரிகிறது. மணிக்கொடி, எழுத்தின் வடிவத்தைப் பொறுத்தவரை அகன்ற வாயில் கொண்டது. எத்தகைய சோதனைக்கும் இடம் தந்தது. ஆயினும் அவ்வாயிலை அடைவதற்கு ஆங்கிலக் கல்வி என்னும் நெடும்பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. முரசொலி, எழுதுவோரின் பிறப்பையும் பட்டத்தையும் கேட்காத வாயில் கொண்டது. ஆனால் உள்ளே நுழைந்தவரின் எழுத்து இயக்கத்தின் நோக்கத்துக்கு இசைந்திருக்க வேண்டும். முன்னது சமூகத்தில் குறுகி, கலையில் விரிந்தது. பின்னது சமூகத்தில் விரிந்து, கருத்தில் வரையறை கொண்டது. ஒன்றின் வலிமை மற்றதன் குறையாக இருந்தது. இவற்றுள் ஒன்றை மட்டும் 'இலக்கியம்' என்றும் மற்றதை மட்டும் 'மக்கள் எழுத்து' என்றும் வகைப்படுத்துவது இரண்டின் வரலாற்றையும் பாதியாக்கும்.

இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை என்று கருதுவதும் சரியன்று. முன்பு குறிப்பிட்ட 'ஸ்ரீ ராமானுஜர்' திரைப்படமே இதற்குச் சான்று. அதற்கு உரையாடல் எழுதியவர் மணிக்கொடி நிறுவனர் வ.ரா.; நடித்தவர்களுள் ஒருவர் பிச்சமூர்த்தி; பாடல் எழுதியவர் பாரதிதாசன். பாரதியின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கருதிய இரு தரப்பாரும் 1938-இல் ஒரே படப்பிடிப்பில் பணியாற்றியிருக்கின்றனர். பிரிவினை அக்காலத்து எழுத்தாளர்களிடம் இருந்ததைவிடப் பிற்காலப் பாடத்திட்டங்களிலேயே கூர்மையாக இருக்கிறது.

மணிக்கொடிக்குப் பிந்திய தலைமுறையையும் இதே அளவுகோலால் நோக்கலாம். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியர், பின்னர் வானொலிப் பணியாளர், இசை அறிந்தவர். கரிச்சான் குஞ்சு வேதமும் வடமொழியும் பயின்று மன்னார்குடியில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற புனைபெயரில் எழுதியதால் தம்மை அக்கரிச்சானின் குஞ்சு என்று அழைத்துக்கொண்டவர். மரபு வழிக் கல்வியில் ஊறிய அவரே 'பசித்த மானிடம்' என்ற நாவலில் அம்மரபின் உள்ளீடற்ற பகுதிகளைத் தயக்கமின்றிக் காட்டினார். பின்புலம் எழுத்தை முழுதாகத் தீர்மானிப்பதில்லை. எழுத்தாளர் எதிலிருந்து விலகி நடக்கிறார் என்பதை அறியவே அது பெரிதும் உதவுகிறது.

எழுதாதவர்கள்

எழுதியவர்களின் பட்டியலைத் தொகுக்கும் ஆய்வு, எழுத இயலாதவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டுதான் பிச்சமூர்த்தியின் 'காதல்' வெளிவந்தது. கு.ப.ரா. மறைந்த 1944-ஆம் ஆண்டில்தான் மன்னார்குடி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் தண்டனைகளாக இருந்த வயல்களில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்டு பெற்ற ஒப்பந்தம் அது. இதழ்களின் காலமும் வயல்களின் காலமும் ஒன்றே. ஆயினும் அந்நிலத்தில் நாற்று நட்ட கைகள் மணிக்கொடியிலும் எழுதவில்லை; முரசொலியின் தொடக்க ஆண்டுகளிலும் எழுதவில்லை. முன்னதற்கு வேண்டிய ஆங்கிலக் கல்வி மட்டுமன்றிப் பின்னதற்கு வேண்டிய தமிழ் எழுத்தறிவுகூட அவர்களுக்கு எட்டாத தொலைவில் வைக்கப்பட்டிருந்தது.

அவ்வாழ்வு நாவலாக விரிவாகப் பதிவாக நெடுங்காலம் பிடித்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பொருளாகக் கொண்டு, திருவாரூர்ப் பகுதி எழுத்தாளரும் ஆசிரியருமான சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' நாவலை எழுதியது 1990களின் இறுதியில்தான். காவிரி வடிநிலத்தின் எழுத்து வரலாறு இம்மூன்று அடுக்குகளையும் சேர்த்து எழுதப்படும்போதே 'தஞ்சை மண்' என்ற தொடர் பொருளுடையதாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மணிக்கொடி தஞ்சை எழுத்தாளர்களின் இதழ் என்பதைவிட, தென்காசி, வத்தலக்குண்டு, திருநெல்வேலி, கும்பகோணம் ஆகிய பல வட்டாரத்தார் சந்தித்த இதழ் என்பதே பொருந்தும். இரண்டாவதாக, அதில் எழுதிய வடிநிலத்தாரின் தொழிலும் ஈடுபாடும் பெரிதும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டைத் தாங்கிய ஆசிரியப் பொறுப்பே அதன் சாதனை. மூன்றாவதாக, அதே நிலத்தில் தோன்றிய முரசொலி, கல்லூரிக் கல்வியைக் கடந்த மற்றொரு நுழைவாயிலைத் திறந்தது; அதன் எல்லையை இயக்கம் வரையறுத்தது. நான்காவதாக, இரண்டு வாயில்களுக்கும் வெளியே நின்றவர்களே அந்நிலத்தில் உழைத்தோருள் பெரும்பான்மையினர்.

இதழ்களை ஆராய்வோர் படைப்புகளின் அடைவைத் தயாரிப்பது போலவே எழுத்தாளர்களின் அடைவையும் தயாரிக்க வேண்டும். பிறந்த ஊர், கற்ற இடம், பிழைப்பு, எழுத்துக்கு அப்பாற்பட்ட ஈடுபாடு, இதழுக்குள் வந்த வழி ஆகிய ஐந்து குறிப்புகள் அதில் இடம்பெறின், தனித்தனித் தாள்களில் பயிற்றுவிக்கப்படும் இரு வரலாறுகளையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் பேச இயலும். வலங்கைமானும் திருவாரூரும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. அவ்விரு ஊர்களின் பெயரால் அறியப்படும் எழுத்துகளும் ஒரே ஆய்வுக்குள் இடம்பெறுவது அதன் அடுத்த படியாகும்.